வறண்ட கிணற்றில் ஐம்பது மீட்டர்

பச்சியப்பன் மகள் மலர்விழிக்கு நீச்சல் தெரியும் என்பது ஊத்துக்கொட்டாயில் எல்லாருக்கும் தெரியும். தெரியாதது அரசாங்கத்துக்கு மட்டும்தான். அந்த ஒரு தகவலை அரசாங்கத்தின் காதில் போட அவள் பட்ட பாடுதான் இந்தக் கதை. கடைசியில் போட்டாளா என்று யாரும் ஆவலோடு காத்திருக்க வேண்டாம். போடவில்லை.

ஊத்துக்கொட்டாய் தருமபுரியிலிருந்து டவுன் பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரம், பஸ் வந்தால். எந்தத் தாலுகா என்று சொல்ல மாட்டேன். அந்த ஆபீஸில் இருப்பவர்கள் எல்லாரும் நல்லவர்கள். எனக்கும் அங்கே ஒரு பட்டா மாறுதல் நிலுவையில் இருக்கிறது.

மலர்விழி கடலை நேரில் பார்த்ததில்லை. ப்ளஸ் டூ படிக்கும்போது போனில் ஒரு வீடியோ பார்த்தாள். கால்பந்து மைதானம் அளவுக்கு ஒரு சரக்குக் கப்பல். அதன் உச்சியில், கண்ணாடி அறைக்குள் ஒரு பெண் நின்றுகொண்டு வலது பக்கம் பத்து டிகிரி திருப்பச் சொல்கிறாள். மீசை வைத்த ஓர் ஆள் மறுபேச்சில்லாமல் திருப்புகிறான். ஊத்துக்கொட்டாயில் ஒரு பெண் சொல்லி ஒரு டிவிஎஸ் மொபெட்கூடத் திரும்பி அவள் பார்த்ததில்லை. அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள்.

ஒன்றரை வருடம் படித்தாள். வூட்டில் சிக்னல் கிடைக்காததால் கிணற்று மேட்டு மோட்டார் ரூம் கூரைமேல் உட்கார்ந்து படித்தாள். அகில இந்திய நுழைவுத் தேர்வில் நல்ல ரேங்க் வந்தது. ஒரு கப்பல் கம்பெனி நேர்காணல் வைத்து, கல்லூரியில் ஒரு வருடம் படித்துவிட்டு எங்கள் கப்பலுக்கு வா என்று கடிதமே கொடுத்துவிட்டது. இந்தக் கடிதம் கிடைக்காமல் பட்டணத்துப் பிள்ளைகளே நாயாய் அலைகிறார்கள். கிழக்குக் கடற்கரையில் இருக்கும் கல்லூரியில் இடம் தயார். பதினான்கு ஆவணங்களை மட்டும் அனுப்ப வேண்டும்.

பதின்மூன்றை அனுப்பிவிட்டாள். பதினான்காவது இது: ‘மாணவர் நீர்நிலையில் ஐம்பது மீட்டர் நீந்த வல்லவர் என்பதற்கான அரசுச் சான்று. ஜூலை 31 மாலை ஐந்து மணிக்குள் பதிவேற்றப்படாவிடில் இடம் அடுத்தவருக்கு வழங்கப்படும்.’

படித்துவிட்டு மலர்விழி சிரித்தாள். ஏழு வயதில் பச்சியப்பன் அவள் முதுகில் காலி எண்ணெய் கேனைக் கட்டிக் கிணற்றில் தூக்கிப் போட்டார். மூன்றாம் நாள் கேன் தேவைப்படவில்லை. பதினான்கிலேயே சுலபமானது இதுதான் என்று அப்பாவிடம் சொன்னாள். அப்போது ஜூலை பத்து.

கிராம நிர்வாக அலுவலர் தமிழ்மணி நல்ல மனிதர். மனு வாங்கினார். கம்ப்யூட்டரைத் தட்டினார். தட்டியவர் முகம் மாறிவிட்டது.

“எந்தக் கெணத்துல நீந்தக் கத்துக்கிட்ட?”

“எங்க கெணத்துலதாங்க சார். தெனம் நீந்தறனே, நீங்களே பாத்திருக்கீங்களே.”

“நான் பாத்தது வேற. ரெக்கார்டு பாக்கறது வேற.” திரையை அவள் பக்கம் திருப்பினார். ‘பச்சியப்பன். கிணறு ஒன்று. ஆழம் அறுபது அடி. நிலை: நீரற்றது.’

“இல்லாத தண்ணில நீந்தினன்னு நான் எப்புடிம்மா எழுதிக் குடுக்கறது?”

இதற்கு ஒரு பழைய கதை உண்டு. ஊத்துக்கொட்டாயில் நாற்பத்தொரு கிணறுகள். எல்லாவற்றிலும் தண்ணீர் உண்டு. ஆனால் அந்தத் தண்ணீரில் ப்ளோரைடு. செடி குடிக்கலாம், மாடு குடிக்கலாம், மனிதன் குடித்தால் பல் காவியேறும், நாற்பது வயதில் முழங்கால் வளையும். ஏழு வருடத்துக்கு முன் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு ஒரு படிவம் வந்தது. ‘கிணற்றில் நீர் உள்ளதா? ஆம் / இல்லை.’ இரண்டே கட்டம். இருக்கிறது, குடிக்க முடியாது என்பதற்குக் கட்டம் இல்லை. ஊர்க்காரர்கள் ஓரத்தில் எழுதி அனுப்பினார்கள். ‘கட்டத்துக்கு வெளியே எழுதப்பட்டவை பரிசீலிக்கப்பட மாட்டா’ என்று திரும்பி வந்தது. அடுத்த முறை நாற்பத்தொரு கிணற்றுக்கும் ‘இல்லை’ என்று டிக் அடித்து அனுப்பினார்கள். ஆறே மாதத்தில் பைப்பு வந்துவிட்டது. அரசாங்கம் இவ்வளவு வேகமாக வேலை செய்து யாரும் பார்த்ததில்லை என்று ஊரே மெச்சியது.

அன்றைக்கு ஊரில் கையெழுத்து அழகாக இருந்தவள் ஆறாம் வகுப்பு மலர்விழி. நாற்பத்தொரு படிவத்தையும் பூர்த்தி செய்தது அவள்தான்.

“உன் கையெழுத்துதானே இது?” என்றார் தமிழ்மணி. “என்னா அழகா டிக் அடிச்சிருக்க பாரு.”

தமிழ்மணி இரக்கப்பட்டு ஒரு வழி சொன்னார். நீர்விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் என்று ஒன்று இருக்கிறது, அதன் மண்டலப் பயிற்றுநரிடம் போனால் கிணறே வேண்டாம், நேராகச் சான்றிதழ் வாங்கிவிடலாம்.

ஆணையத்தின் நீச்சல் குளம் ஒரு கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் இருந்தது. நீல டைல்ஸ், குதிக்க மேடை, ஆண் பெண் தனித்தனி உடைமாற்றும் அறை, குளத்தின் நடுவில் காயப் போட்ட மிளகாய். தண்ணீர் மட்டும் இல்லை. பயிற்றுநர் மாதவராஜ் விசில் மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

“தண்ணி இல்லீங்களா சார்?”

“தண்ணிய ஊத்தினா அது நீச்சல் குளம். யார் வேணா நீந்துவாங்க. முழுகுவாங்க. நாளைக்கு விசாரணை வரும்,” என்றார் மாதவராஜ். “நான் பொறுப்பேத்து பதினோரு வருஷம் ஆச்சு. இந்தக் குளத்துல ஒரு உயிர்ச்சேதம் கெடையாது. மாநிலத்துலயே பாதுகாப்பான குளம்னு மூணு தடவை விருது குடுத்திருக்காங்க.” சுவரில் மூன்று கேடயங்கள் இருந்தன. பொய் இல்லை.

“உங்களுக்கு நீச்சல் தெரியுங்களா சார்?”

“அது என் பணிவிதிகள்ல இல்லம்மா.”

ஆனால் தேர்வு நடத்த அவரிடம் முறை இருந்தது. ஒரு மரப் பெஞ்சில் அவளைக் குப்புறப் படுக்கச் சொன்னார். விசில் ஊதினார். கையையும் காலையும் அடிக்கச் சொன்னார். மூச்சை எடுக்க வேண்டிய இடத்தில் எடுக்கிறாளா என்று குனிந்து பார்த்தார். ஐம்பது மீட்டர் ஆகிவிட்டது என்று எப்படித் தெரிந்துகொண்டாரோ, மறுபடி விசில் ஊதினார். எழுந்தபோது அவளுக்கு இடுப்பெலும்பில் சிராய்ப்பு. “அபாரம். ஒரு தடவைகூட முழுகல” என்று பாராட்டிச் சான்றிதழ் கொடுத்தார். ‘உலர் நீச்சல், முதல் நிலை, சிறப்புத் தகுதி.’

கல்லூரி அதைப் படித்துவிட்டு இரண்டே நாளில் பதில் அனுப்பியது. உலர் நீச்சல் ஏற்கப்படாது. நீர்நிலையின் சர்வே எண்ணும் வட்டாட்சியரின் நேரடிப் பார்வைச் சான்றும் வேண்டும். அப்போது ஜூலை இருபது.

வட்டாட்சியர், அதாவது தாசில்தார், அமுதவல்லியைப் பார்க்க நான்கு நாள் வராந்தாவில் நின்றாள் மலர்விழி. அங்கே நின்றுகொண்டு கப்பல் மோதல் தடுப்பு விதிகளைப் படித்தாள். மூடுபனியில் ஒன்றும் தெரியாதபோது, ஓடும் கப்பல் இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை நீளமாக ஒலி எழுப்ப வேண்டும். நகராமல் நிற்கும் கப்பல் இரண்டு முறை எழுப்ப வேண்டும். நான் இருக்கிறேன், என்மேல் ஏறிவிடாதே என்று அர்த்தம். அவள் நகராமல் நின்றதால் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை “சார், சார்” என்றாள். யாரும் மோதவில்லை. யாரும் திரும்பியும் பார்க்கவில்லை.

ஐந்தாம் நாள் அமுதவல்லி கூப்பிட்டார். நாற்காலியில் உட்காரச் சொன்னார். டீ வாங்கித் தந்தார். உண்மையிலேயே உதவ நினைத்தார், அதுதான் கஷ்டம்.

“கெணறு வேணாம். ஏரில நீந்து. டவுன் ஏரி ரெக்கார்டுல நாப்பது ஏக்கர், முழுக் கொள்ளளவு தண்ணி இருக்கு.”

“அது இப்ப பஸ் ஸ்டாண்டுங்களே மேடம்.”

“பஸ் ஸ்டாண்டு தரையில இருக்கும்மா. ரெக்கார்டுல ஏரிதான்.” கொஞ்சம் யோசித்தார். “ஆனா நான் நேர்ல பாத்தன்னு எழுதணும். நான் போயி பாத்தா ஏரிக்குள்ள பஸ் நிக்குதுன்னு ஆயிடும். ஆக்கிரமிப்பு விசாரணை வைக்கணும். நாப்பது ஏக்கரையும் மீட்டுக் குடுத்தாதான் நீ நீந்துவியா?”

“அணையில நீந்தட்டுங்களா?”

“அணையில குளிக்கறது தண்டனைக்குரிய குற்றம்னு போர்டு வெச்சிருக்கோம். நீ நீந்தினன்னு நான் சான்று குடுத்தா அது உன் குற்றத்துக்கு நானே சாட்சி சொன்ன மாதிரி. அப்பறம் போலீஸ் நன்னடத்தைச் சான்று போயிடும். அது உன் லிஸ்ட்ல எத்தனாவது?”

“ஒம்பதாவதுங்க.”

“பாத்தியா. பதினாலுக்காக ஒம்பத விடலாமா?”

கடைசியில் அவரே ஒரு முடிவுக்கு வந்தார். கிணற்றுக்கே வந்து நேரடியாக ஆய்வு செய்கிறேன் என்றார். தேதி ஒதுக்கினார். ஜூலை 31, மாலை மூன்று மணி.

மூன்று மணிக்கு ஜீப் வந்தபோது ஊத்துக்கொட்டாயே கிணற்று மேட்டில் நின்றது. மலர்விழி துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு தயாராக இருந்தாள். பச்சியப்பன் புதுத் துண்டு போட்டிருந்தார். அந்தக் கிணற்றுத் தண்ணீரில்தான் அவருடைய முக்கால் ஏக்கர் தக்காளி சிவந்துகொண்டிருந்தது.

பக்கத்து வூட்டுச் சாலம்மாள் முன்னால் வந்தாள். கையில் ஒன்றாம் வகுப்பு படிக்கும் மகள்.

“கண்ணு, நீ பெரிய படிப்பு படிக்கணும். நான் வேணாங்கல. ஆனா நீ இவங்க முன்னால நீந்தினா, ஊருல தண்ணி இருக்குதுன்னு ஆயிடுமாமே. பைப்ப புடுங்கிருவாங்களாமே. நெசமா?”

மலர்விழி தாசில்தாரைப் பார்த்தாள். தாசில்தார் தமிழ்மணியைப் பார்த்தார். தமிழ்மணி கம்ப்யூட்டர் இல்லாததால் தரையைப் பார்த்தார்.

“நெசந்தான்,” என்றார் அமுதவல்லி. “ஒரு கெணத்துல தண்ணி இருந்தாக்கூட ‘நீருள்ள கிராமம்’ ஆயிடும். பைப்பு லைன அடுத்த ஊருக்குத் திருப்பிடுவாங்க. ஆனா யாரும் பயப்படாதீங்க. நான் வழி யோசிச்சிட்டுதான் வந்தேன். நான் பாத்தா தண்ணி இருக்கு. பாக்கலன்னா ரெக்கார்டு இருக்கு. அதனால நானும் தமிழ்மணியும் திரும்பி நின்னுக்கறோம். நீ குதிம்மா.”

இருவரும் கிணற்றுக்கு முதுகு காட்டி நின்றார்கள். ஜீப் டிரைவருக்கு அரசாங்கச் சம்பளம் என்பதால் அவரும் திரும்பிக்கொண்டார்.

மலர்விழி குதித்தாள். கிணற்றின் குறுக்களவு பத்து மீட்டர், ஐந்து குறுக்கு போதும். அவள் பதினைந்து போனாள். வாழ்நாளில் அவ்வளவு நன்றாக அவள் நீந்தியதில்லை. கை தண்ணீரைக் கிழித்த சத்தம் மேலே வரை கேட்டது. கைப்பிடிச் சுவரில் சாய்ந்து பிள்ளைகள் ஒன்று, இரண்டு என்று கத்தி எண்ணின. பச்சியப்பனும் கூடவே எண்ணினார். பார்க்க வேண்டிய இரண்டு பேர் மட்டும் தக்காளிச் செடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மேலே வந்து மூச்சு வாங்க நின்றாள். அமுதவல்லி திரும்பி, அறிக்கை சொல்லச் சொல்லத் தமிழ்மணி எழுதினார்.

‘மேற்படி கிணறு பதிவேட்டின்படி நீரற்றது. மனுதாரர் மேற்படி கிணற்றில் குதித்த சத்தம் கேட்கப்பட்டது. இருபது நிமிடம் கழித்து மனுதாரர் படி வழியாக மேலே வந்தார். காயம் ஏதும் இல்லை.’

“மேடம், பொண்ணு ஈரமா நிக்குது,” என்றார் தமிழ்மணி. “அத எழுதாம விட்டா தப்பாயிடும்.”

“எழுதுங்க. மறைக்கக் கூடாது. ‘மனுதாரர் உடல் முழுவதும் நனைந்திருந்தது. காரணம்: வியர்வை.’”

“நீந்தினாளான்னு ஒரு கட்டம் இருக்குதுங்க.”

“நீரில்லாத எடத்துல எப்புடி நீந்த முடியும்? ‘சான்றளிக்க இயலவில்லை’ன்னு போடுங்க.”

பச்சியப்பன் பாய்ந்து வந்தார்.

“வேணாங்கம்மா. தண்ணி இருக்குதுன்னே எழுதுங்க. நானே கையெழுத்துப் போடறனுங்க. எங்க போடணும், சொல்லுங்க. எம் பொண்ணு போவட்டும்.”

அமுதவல்லி மறுக்கவில்லை. அதற்கும் ஒரு படிவம் ஜீப்பில் இருந்தது. ‘கிணற்றில் நீர் உள்ளது என உறுதி கூறுகிறேன்.’ பச்சியப்பன் பேனாவை வாங்கினார். சாலம்மாள் அழுதாளே ஒழியத் தடுக்கவில்லை. அவள் மகள் மட்டும் நடப்பது புரியாமல், பதினைந்து குறுக்கு நீந்திய அக்காவைப் பார்த்து வாய் நிறையச் சிரித்தாள். முன்பல் இரண்டும் புதிதாக முளைத்திருந்தன. பால் மாதிரி வெள்ளை. பைப்புக்குப் பிறகு பிறந்தவள்.

மலர்விழி தன் பற்களை நாக்கால் ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டாள். பதினெட்டு வருடம் கண்ணாடியில் பார்த்த காவிதான். கப்பல் கம்பெனி நேர்காணலில்கூடச் சிரிக்காமல்தான் பதில் சொன்னாள். அப்பாவின் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கித் தாசில்தாரிடம் கொடுத்தாள்.

“பழைய அறிக்கையே போதுங்க மேடம்.”

“நல்ல பொண்ணு,” என்றார் அமுதவல்லி, மனதாரத்தான். “இந்த வயசுலயே சட்டம் புரியுது. கவலப்படாத, அடுத்த வருஷம் வா. ஏதாவது பண்ணலாம்.” முத்திரை வைத்துக் கொடுத்தார்.

அதையே போனில் படம் பிடித்து நான்கே முக்காலுக்குப் பதிவேற்றினாள், மோட்டார் ரூம் கூரைமேல் ஏறி. ஐந்து ஒன்றுக்குப் பதில் வந்தது. ‘தங்கள் இடம் ரத்து செய்யப்பட்டது. காரணம்: விண்ணப்பதாரருக்கு நீச்சல் தெரியாது.’ தலைமுடியிலிருந்து சொட்டிய தண்ணீரில் எழுத்து கலங்கியது. துடைத்துவிட்டு மறுபடி படித்தாள். இறங்கி வந்து வாய்விட்டு அழுதாள். பச்சியப்பன் பக்கத்தில் உட்கார்ந்து புதுத் துண்டை நீட்டினார். வேறு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

கதை இங்கேயே முடிந்திருந்தால் நானும் ஏதோ ஒரு மாதிரி மனதைத் தேற்றிக்கொண்டிருப்பேன். ஆனால் அறிக்கைகள் சும்மா இருப்பதில்லை, மேலே போகும். மேலே ஒருவர் அதைப் படித்தார். அறுபது அடி ஆழமுள்ள வறண்ட கிணற்றில் ஓர் இளம்பெண் குதித்திருக்கிறாள், அதிர்ஷ்டவசமாகக் காயமில்லை என்று அவருக்குப் புரிந்தது. சரியாகத்தான் புரிந்துகொண்டார். மூன்றாவது வாரம் உத்தரவு வந்தது. பொதுமக்கள் உயிர்ப்பாதுகாப்பைக் கருதி, பயன்பாடற்ற மேற்படி கிணற்றை உடனடியாக மண்ணிட்டு மூடுக.

அமுதவல்லியே நேரில் வந்தார். கூடவே ஒரு ஜேசிபி, ஆறு டிராக்டர் செம்மண்.

“உன் உயிர் மேல அரசாங்கத்துக்கு எவ்வளவு அக்கறை பாரு,” என்றார் மலர்விழியிடம்.

பச்சியப்பன் ஜேசிபிக்கு முன்னால் போய் நின்றார். “அம்மா, தக்காளி நிக்குதுங்க. இந்தத் தண்ணி போச்சுன்னா செடி கருகிப் போயிடுங்க.”

“இல்லாத தண்ணில தக்காளி எப்புடிங்க வெளைஞ்சுது?” என்று அமுதவல்லி மெதுவாகக் கேட்டார். அது மிரட்டல் இல்லை. ஞாபகப்படுத்தினார், அவ்வளவுதான். சாலம்மாளும் மற்றவர்களும் பத்தடி தள்ளி நின்றார்கள். பச்சியப்பன் அவர்களைத் திரும்பிப் பார்த்தார். பிறகு வழிவிட்டார்.

முதல் டிராக்டர் மண் விழுந்தது. இரண்டாவது விழுந்தது. மண் உள்ளே போகப் போகத் தண்ணீர் மேலே ஏறியது. பிற்பகலுக்குள் இன்னும் பல நடை மண் வந்தது. நாலு மணிக்கு, கைப்பிடிச் சுவர் இடிந்த பக்கமாகக் கிணறு வழிந்தது. செம்மண் கரைந்த தண்ணீர் வரப்பைத் தாண்டித் தக்காளிக்குள் பாய்ந்து, அங்கிருந்து பாதைக்கு வந்தது. அமுதவல்லி சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஜீப்பில் ஏறிக்கொண்டார். பிள்ளைகள் தண்ணீரில் குதித்து ஆடின.

தமிழ்மணி செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, பேனாவும் காகிதமுமாக நடுவில் நின்றார். பணி நிறைவு அறிக்கையில் ‘களத்தின் நிலை’ என்று ஒரு கட்டம் இருந்தது. மேடத்தைக் கேட்கலாம் என்றால் ஜீப் கண்ணாடி ஏற்றியாகிவிட்டது. அப்பாவும் மகளும் வரப்பில் நின்றார்கள். அவர் பாவமாக மலர்விழியிடம் வந்தார்.

“அம்மா, நீ படிச்ச பொண்ணு. இந்தத் தண்ணிய நான் என்னான்னு எழுதறது?”

மலர்விழி குனிந்து பார்த்தாள். தண்ணீர் அவள் கெண்டைக்கால் வரை ஏறியிருந்தது. சுடிதாரின் கீழ்ப்பகுதி சிவப்பாக ஊறியிருந்தது. பக்கத்தில் ஒரு தக்காளி மிதந்து போனது.

“எந்தத் தண்ணிங்க சார்?” என்றாள்.

தமிழ்மணி அவளை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு நிம்மதியாக எழுதிக்கொண்டார்.